செவ்வரத்தை வாடினால் முதலில் எருவைத் தேட வேண்டாம்

வளவும் செடியும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து செவ்வரத்தையைப் பற்றியவை. தமிழகத்தார் செம்பருத்தி என்று சொல்லும் அதே செடிதான். ஐந்து பேரும் வன்னியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எழுதியிருந்தாலும், ஒருவரின் சிக்கல் மற்றவருக்கும் உதவும் என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டே தங்கள் பதிலுக்கு வரவேண்டுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு 2012ஆம் ஆண்டு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. வாசற்படிக்கு அருகே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சிவப்புச் செவ்வரத்தை நட்டேன். முதல் மூன்று வருடம் குறையில்லாமல் பூத்தது. சென்ற கோடையிலிருந்து குருத்திலைகள் மஞ்சளாகவே வருகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. இரண்டு கிளைகள் பட்டுப்போய்விட்டன. காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு தரம் யூரியா போட்டேன். அடுப்புச் சாம்பலும் முட்டைக்கோதும் தவறாமல் போடுகிறேன். இன்னும் எரு போதாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. என்ன செய்யலாம்?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய சொற்கள் ‘குருத்திலை’, ‘நரம்பு மட்டும் பச்சை’ என்பவையே. இலை மஞ்சளாகிறது என்று மட்டும் எழுதியிருந்தால் நான் பத்துக் காரணங்களைச் சொல்லிக் குழப்பியிருப்பேன். யூரியா கொடுக்கும் சத்தாகிய நைதரசன் குறைந்தால், செடி அதைக் கீழேயுள்ள கிழட்டு இலைகளிலிருந்து இழுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே முதலில் மஞ்சளாவது கீழிலை. இரும்புச் சத்தை அப்படி இடம் மாற்றச் செடியால் இயலாது. அது குறைந்தால் முதலில் வெளிறுவது குருத்து, அதிலும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி. உங்கள் செடிக்கு இருப்பது இந்த இரண்டாவது குறை. அதற்கு யூரியா மருந்தல்ல.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம்முடைய மண்ணுக்குச் செந்நிறம் கொடுப்பதே இரும்புதான். இரும்பு நிறைந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு செடி இரும்பில்லாமல் வாடுகிறது என்றால், இரும்பு இல்லை என்பதல்ல, அதை வேரால் எடுக்க முடியவில்லை என்பதே பொருள். சற்றுப் புளிப்பான மண்ணில், அதாவது பி.எச். அளவு 6க்கும் 6.8க்கும் இடையிலுள்ள மண்ணில், செவ்வரத்தைக்கு இரும்பு எளிதாகக் கிடைக்கும். சுண்ணாம்பு ஏறி மண் காரமானால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறி, வேருக்கு எட்டாமற் போய்விடும்.

அப்படியானால் உங்கள் வாசலுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? வீடு கட்டிய நாளை நினைத்துப் பாருங்கள். மேசன்மார் சீமெந்துக் கலவையைக் குழைத்தது பெரும்பாலும் வாசலடியில்தான். மிஞ்சிய கலவையும் உடைந்த கல்லும் பூச்சுத் துண்டுகளும் அங்கேயே புதைந்து, அவற்றின் மேல் கிரவல் பரவி, நிலம் மட்டமாக்கப்பட்டிருக்கும். மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியில் எழுந்த வீடுகளில் சுவரிலிருந்து மூன்றடிக்குள் நட்ட செடிகள் சில வருடம் செழித்துப் பின்னர் வெளிறுவதை நான் பல வளவுகளில் பார்த்திருக்கிறேன். நட்ட குழியின் நல்ல மண்ணுக்குள் வேர் இருக்கும்வரை செடி பூக்கும். வேர் குழியைத் தாண்டிச் சீமெந்துக் குப்பையைத் தொட்டதும் வெளிறத் தொடங்கும். நீங்கள் சொல்லும் மூன்று வருடக் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது.

இதைச் சோதிக்கச் செலவில்லை. செடியடியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உலர்த்தி, அதன்மேல் சிறிது வினாகிரியை ஊற்றுங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு இருக்கிறது. வளவின் பின்மூலையில் எடுத்த மண்ணுக்கும் அதையே செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்ததாகத் தேநீர்க் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒவ்வொரு வாளிக்கும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீங்கள் போடும் சாம்பலும் காரமானது. அது வேறு மண்ணில் நல்ல உரம், உங்கள் வாசலில் நோயைக் கூட்டுகிறது. முட்டைக்கோது மெதுவாகக் கரைவதால் பெரிய கேடு செய்யாது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதற்கு வேலையும் இல்லை. இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

யூரியாவைப் பற்றி ஒரு சொல். 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டு நாம் பட்ட பாட்டுக்குப் பிறகு, கையில் யூரியா கிடைத்தால் கண்ட செடிக்கெல்லாம் ஒரு பிடி போடவேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு வந்துவிட்டது. நானும் விலக்கல்ல. ஓர் ஆடி மாதத்தில் வாடி நின்ற என்னுடைய அடுக்குச் செவ்வரத்தைக்கு யூரியாவைக் கரைத்து ஊற்றினேன். நான்காம் நாள் இலையோரமெல்லாம் தீய்ந்து, ஒரு கிழமைக்குள் செடி மொட்டையாகிவிட்டது. உரமும் உப்பைப் போலத்தான். வேர் தளர்ந்திருக்கும்போது மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை எடுக்க முடியாமல் தவிக்கும். காய்ச்சற்காரனுக்குக் கறிச்சோறு ஊட்டிய கதையாக அது முடியும்.

இனித் தண்ணீர். நாளுக்கு இரண்டு வாளி என்பது அன்பின் அளவு. செடியின் தேவை வேறு. கிரவல் இறுகிய நிலத்தில் நீர் இறங்காமல் மேலேயே நின்று, மேல்வேரை அழுகவைக்கவும் கூடும். அல்லது ஓரமாக வழிந்தோடி, இரண்டடிக் கீழே மண் தூள்பறக்கக் காய்ந்திருக்கவும் கூடும். எது உண்மை என்று அறிய, செடியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு அடி ஆழத்தில் சிறு குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். காலையிலும் நீர் நின்றால் அடியில் இறுக்கம் இருக்கிறது. (தோண்டும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால் அதைத் தொடவோ அசைக்கவோ வேண்டாம், பிள்ளைகளை விலக்கிவிட்டுக் கிராம அலுவலருக்கோ 119க்கோ அறிவியுங்கள். நம்முடைய ஊர்களில் தோட்டக் குறிப்பு எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் விட முடியாது.)

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இன்றே உரம், சாம்பல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பட்ட கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது, கபில நிறமாக உலர்ந்திருந்தால் இல்லை. பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கணுவுக்கு மேற்புறமாக, கூரான கத்தியால் வெட்டுங்கள். உயிருள்ள கிளைகளை இப்போது தொட வேண்டாம். நோயுற்ற செடிக்கு இலைதான் அடுப்பு.

தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை, ஆனால் ஒரே தடவையில் இரண்டு மூன்று வாளியாக, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கட்டிய வட்டப் பாத்தியில் மெதுவாக ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். சோளகம் அடிக்கும் மாதங்களில் மண்ணை மூடிவைப்பது தண்ணீர் ஊற்றுவதைவிடப் பயன் தரும். பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கலாம்; காய்ந்த இலைச்சருகு, கிளிசிரியாக் குழை, வைக்கோல் எதுவும் ஆகும். தண்டைத் தொடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் கறையான் ஏறும்.

இரும்பை உடனடியாகக் கொடுக்க வழி இலைதான். விவசாய மருந்துக் கடையில் பெரசு சல்பேற்று கிடைத்தால், ஒரு லீற்றர் மழைத்தண்ணீரில் 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு குருத்தின் மேலும் இலையின் அடிப்புறத்திலும் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துக் கருகவில்லை என்று கண்ட பின் மற்றவற்றுக்குப் போங்கள். சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது. அதையே மண்ணில் கொட்டினால் உங்கள் வாசல் மண் அதையும் பூட்டிவிடும்; காசுக்குக் கேடு. கடைக்காரர் ‘கீலேற்று’ இரும்பு (மண் எளிதில் பூட்டிவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு) வைத்திருந்தால் அது விலை கூடியது, ஆனால் அதன் சில வகைகள் கார மண்ணிலும் வேலை செய்யும்.

இவை தற்காலிகமே. நிலையான தீர்வு ஐப்பசியில் இருக்கிறது. முதல் மழை இரண்டு மூன்று தரம் பெய்து மண் இளகியதும், சுவரிலிருந்து ஆறு ஏழு அடி தள்ளி, கலவை குழைக்காத இடமாகப் பார்த்து, நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடியாகக் குழி எடுங்கள். எடுத்த கிரவலைத் திரும்பப் போடாமல், வளவின் பின்பக்க மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். செடியின் உயரத்தில் மூன்றில் ஒன்றைக் குறைத்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணோடு, ஆனால் அதில் ஒட்டியுள்ள சீமெந்துத் துண்டுகளைத் தட்டிவிட்டு, மாற்றி நடுங்கள். நான்கு வயதுச் செடி இதைத் தாங்கும். மாரியில் நீர் தேங்கும் வளவானால் குழியின் வாயை நிலமட்டத்துக்கு அரை அடி மேலே மேடாக்குங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் நான் இழந்த செடிகள் எல்லாம் பள்ளத்தில் நின்றவை.

மஞ்சளான இலை எல்லாம் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். புதிதாக வரும் குருத்தின் நிறத்தை மட்டும் பாருங்கள். அது பச்சையாக விரிந்தால் செடி பிழைத்துக்கொண்டது. எருவைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்காவோடு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது, மொட்டும் நிறைய வைக்கிறது. விரியும் முன்னரே எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வீட்டுப் பூவையே கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை.
(வாசகி, முள்ளியவளை)

பதில்: உதிர்ந்த மொட்டுகளில் நாலைந்தை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு புழுவோ, ஊசிமுனை போன்ற பூச்சியோ இருந்தால், உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் பொறுக்கி எரித்துவிடுங்கள். மண்ணில் கிடக்கவிட்டால் அடுத்த தலைமுறை அங்கிருந்தே எழும்பும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் காரணம் தண்ணீரின் ஏற்ற இறக்கம். நான்கு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் குளிப்பாட்டினால், செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். வெயிலும் வறண்ட காற்றும் கூடிய நாட்களில் அடுக்குப் பூ வகைகள் ஒற்றைப் பூ வகைகளைவிட எளிதில் மொட்டை உதிர்க்கும். கோயிலுக்கென்று வளர்ப்பதானால் ஐந்திதழ் ஒற்றைச் சிவப்பே நம்பிக்கையானது.

பச்சைப் பசேலென்று நிற்பதாக எழுதியதால் நைதரசன் கூடியிருக்குமோ என்றும் ஐயப்படுகிறேன். கோழியெரு போடுகிறீர்களானால் குறையுங்கள். முதற் கடிதத்துக்குச் சாம்பல் வேண்டாம் என்றேன். உங்கள் மண் வினாகிரிக்கு நுரைக்காவிட்டால் உங்களுக்கு மாதம் ஒரு சிரட்டைச் சாம்பல் நல்லது, அதிலுள்ள பொட்டாசியம் மொட்டுக்கு உதவும்.

பொங்கலுக்கு நாள் குறிப்பதானால், செவ்வரத்தை புதுத் தளிரின் நுனியிலேயே பூக்கும் என்பதையும், ஒரு பூ பெரும்பாலும் ஒரே நாளில் சுருங்கிவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆகவே ஒரே நாளில் தட்டு நிறையப் பூ வேண்டுமென்றால் தளிர்கள் பல வேண்டும். மாரி ஓய்ந்த பின், தை கடைசியிலோ மாசி தொடக்கத்திலோ, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். சித்திரையில் மொட்டுக் கட்டும். பங்குனிக்குப் பிறகு கத்தியைத் தொட வேண்டாம். வெட்டிய பூத்தான் வைகாசிக்கு இல்லாமற் போகும்.

கேள்வி: குருத்தெல்லாம் சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது. இலையில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. கடுமையான மருந்து ஒன்று அடிக்கலாமா?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: அடிக்க வேண்டாம். அது மாவுப்பூச்சி. பஞ்சுக்குள் இருந்தபடி சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளரும் கரும்பூஞ்சணமே நீங்கள் கண்ட கறுப்பு. செடியில் எறும்பு ஏறி இறங்குவதையும் பார்த்திருப்பீர்கள். எறும்பு அந்த இனிப்புக்காகப் பூச்சியைக் காவல் காக்கிறது, நாம் மாட்டைக் காப்பது போல. ஆகவே வேலை எறும்பிலிருந்து தொடங்க வேண்டும்: சுவரையோ வேலியையோ தொடும் கிளைகளை வெட்டுங்கள், அடித்தண்டில் ஒரு துணிப்பட்டி சுற்றி அதன்மேல் கிறீஸ் தடவுங்கள்.

சுருண்ட நுனிகளை நறுக்கி உடனே பையில் இட்டு எரித்துவிடுங்கள். வளவின் மூலையில் எறிந்தால் காற்றோடு திரும்பி வரும். எஞ்சியவற்றைத் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் பஞ்சின் மேல் படும்படி தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும். வேப்பெண்ணெய் இருந்தால் அதே கலவையில் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம்.

கடும் மருந்து வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்குள் நுழைந்து பப்பாசியையும் மரவள்ளியையும் செவ்வரத்தையையும் வெள்ளையடித்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு மறு ஆண்டு, அப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவியொன்று வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்டது. பெருமளவில் அடக்கியது அதுதான். நீங்கள் அடிக்கும் மருந்து பஞ்சுக்குள் இருக்கும் பூச்சியைவிட, வெளியே பறக்கும் குளவியையே முதலில் கொல்லும். உங்கள் வளவில் வெண்டியோ பூவரசோ நின்றால் அவற்றையும் பாருங்கள். செவ்வரத்தையோடு ஒரே குடும்பத்தவை என்பதால் பூச்சியும் உறவுமுறை பார்க்கும்.

கேள்வி: எங்கள் கறுப்புக் களியில் செவ்வரத்தை வருமா? மாரியில் அழுகுகிறது, கோடையில் நிலம் வெடித்து வேர் அறுகிறது.
(வாசகர், முருங்கன்)

பதில்: நெல்லுக்கு நல்ல மண், பூச்செடிக்குச் சோதனை. கீழே தோண்டாமல் மேலே கட்டுங்கள். ஒன்றரை அடி உயரத்தில், நான்கடி அகலத்தில் மேடு போட்டு, மணலும் எருவும் கலந்த மண்ணில் நடுங்கள். கோடையில் வெடிப்புகளுக்குள் எருவும் சருகும் திணித்து, மேட்டைச் சருகால் மூடிவிடுங்கள். இடமில்லையென்றால் அடியில் துளையிட்ட பழைய பீப்பாயில் வளர்ப்பதே மேல்.

கேள்வி: அம்மா நட்ட செவ்வரத்தை இது. 2010இல் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை; எரிந்த அடிக்கட்டையிலிருந்து இது மட்டும் துளிர்த்திருந்தது. இப்போது தண்டு முழுவதும் கோறையாகி, ஒரே ஒரு கிளையில்தான் இலை இருக்கிறது. அந்த நிறத்தில் பூ வேறெங்கும் நான் பார்க்கவில்லை. காப்பாற்ற வழியுண்டா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: தம்பி, அந்தத் தண்டைக் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செடியைக் காப்பாற்றலாம். தடியிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் அதே உயிர்தான். நிறம் ஒரு துளியும் மாறாது. விதையை நம்பியிருந்தால் அந்த உறுதி கிடையாது, நம் வளவுச் செவ்வரத்தைகள் பெரும்பாலும் விதை கட்டுவதும் இல்லை.

இருக்கும் ஒரே கிளையை முழுவதும் வெட்டிவிட வேண்டாம். மூன்று தடிகள் மட்டும் எடுங்கள். நுனியின் இளம்பச்சையும் வேண்டாம், அடியின் முற்றிய மரமும் வேண்டாம். பச்சையிலிருந்து கபிலத்துக்கு மாறும் பகுதியில், பென்சில் தடிப்பில், ஆறு அங்குல நீளம். காலையில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் மனமிரங்காமல் கிள்ளிவிடுங்கள். கழுவிய ஆற்று மணலும் தும்புத் தூளும் சமமாகக் கலந்து, இரண்டு கணு புதையும்படி ஊன்றி, ஒருதரம் நனைத்து, அடி வெட்டிய வெளிர்ப் பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து மூடி, வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் வையுங்கள். எரு எதுவும் கலக்க வேண்டாம். வேரில்லாத தடி அதில் அழுகும். மணல் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள்.

நான்கிலிருந்து ஆறு கிழமைக்குள் வேர் பிடிக்கும். அதற்கு முன் துளிர் வந்தாலும் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். தடியிலிருந்த சேமிப்பிலேயே அது துளிர்த்திருக்கலாம். புது இலை மூன்று நான்கு விரிந்த பின் போத்தலைத் தினமும் சிறிது நேரம் திறந்து பழக்கி, பிறகு எருக் கலந்த மண்ணுள்ள பைக்கு மாற்றுங்கள். ஆவணியில் தடி வைத்தால் மாரியில் நடச் சரியாக இருக்கும். மூன்றும் பிழைத்தால் ஒன்றை உறவினர் வீட்டில் நட்டு வையுங்கள், மற்ற இரண்டையும் ஆடு எட்டாத இடத்தில்.